எண்களால் வாதாடியவர்

நுழையும் முன்

கூட்டுச் சராசரி, இடைநிலை அளவு, முகடு ஆகிய மூன்றும் மையப்போக்கு அளவைகள் எனப்படும். பல எண்கள் அடங்கிய ஒரு தொகுதிக்குப் பதிலாக நிற்கத்தக்க ஓர் எண்ணைக் கண்டறிவதே இவற்றின் பயன். அவ்வாறு பதிலாக நிற்கும் எண் தவறாகக் கணக்கிடப்பட்டால், அல்லது தவறாகப் பொருள் கொள்ளப்பட்டால், என்ன நேரும்? தேர்வுத்தாளில் ஒரு மதிப்பெண் குறையலாம். ஆனால் அந்தக் கணக்கு ஒரு நாட்டைப் பற்றியதாயின், கோடிக்கணக்கான மக்களின் பசியே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அப்பசியை எண்களின் துணைகொண்டு உலகுக்கு எடுத்துக்காட்டிய கணிதப் பேராசிரியர் ஒருவரின் வாழ்க்கையே இப்பாடம்.

சித்தூர்க்காரரும் பம்பாய்க்காரரும்

1885ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள், பம்பாயில் கோகுல்தாஸ் தேஜ்பால் சமஸ்கிருதக் கல்லூரியில் இந்திய தேசிய காங்கிரசின் முதல் மாநாடு கூடியது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் 72 பேராளர்கள் வந்திருந்தனர். அவர்களுள் ஒருவர் பனப்பாக்கம் அனந்தாச்சார்லு. இவர் சித்தூரை அடுத்த கட்டமஞ்சியில் பிறந்து, சென்னையில் புகழ்பெற்ற வழக்கறிஞராக விளங்கியவர். பின்னாளில் 1891இல் நாகபுரியில் நடைபெற்ற காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றவர். சித்தூரும் திருப்பதியும் அக்காலத்தில் சென்னை மாகாணத்தின் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தன. அம்மாவட்டத்தின் தலைநகராகவும் சித்தூரே விளங்கியது.

அம்மாநாட்டில் அனந்தாச்சார்லு போன்றோர் பெருமதிப்புடன் நோக்கிய முதியவர் ஒருவர் இருந்தார். அப்போது அவருக்கு வயது 60. பாரசீகச் சமயத்தவர்க்குரிய உயர்ந்த தொப்பியும் நீண்ட அங்கியும் அணிந்த அவர்தாம் தாதாபாய் நௌரோஜி. இந்தியாவின் முதுபெரும் தலைவர் என்று மக்கள் அவரை அழைத்தனர். ஆங்கில ஆட்சியை எதிர்த்து வாளேந்தியவர் அல்லர் அவர். அதன் கணக்கேடுகளைக் கையிலேந்தியவர்.

இளமையும் கல்வியும்

தாதாபாய் நௌரோஜி 1825ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் எளிய பாரசீகக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். நான்கு வயதில் தந்தையை இழந்தார். தாயார் மாணிக்பாய் எழுத்தறிவு பெறாதவர். எனினும் மகனின் கல்விக்காக எல்லாத் துன்பங்களையும் தாங்கினார். அக்காலத்தில் பம்பாயில் இயங்கிய பள்ளியொன்றில் கட்டணம் இல்லாமல் கல்வி கற்பிக்கப்பட்டது. கட்டணம் கேட்கப்பட்டிருந்தால் நௌரோஜியின் கல்வி அன்றே நின்றிருக்கும். ஏழைகளிடமிருந்து திரட்டிய பொதுப்பணத்தில்தான் தாம் படித்தோம் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. அக்கடனைத் திருப்பிச் செலுத்துவதே தம் வாழ்வின் பணி என அவர் கருதினார்.

எல்பின்ஸ்டன் கல்விநிலையத்தில் பயின்ற அவர், அங்கேயே ஆசிரியரானார். முப்பது வயதை எட்டும் முன்பே கணிதத்துக்கும் இயற்கை அறிவியலுக்கும் பேராசிரியராக உயர்ந்தார். அக்கல்லூரியில் அப்பதவியைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. நண்பர்களுடன் சேர்ந்து 1849இல் பெண்களுக்கான பள்ளிகளைத் தொடங்கி, ஊதியம் பெறாமல் கற்பித்தார். 1851இல் 'ராஸ்த் கோப்தார்' என்னும் குஜராத்தி இதழை நிறுவினார்.

1855இல் காமா நிறுவனத்தின் பங்குதாரராக நௌரோஜி இங்கிலாந்து சென்றார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் பருத்தி வணிகத்துக்காகத் தம் பெயரிலேயே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் குஜராத்தி மொழிப் பேராசிரியராகவும் பணியாற்றினார். கணிதம் அவருக்கு எண்களின் நேர்மையைக் கற்றுத் தந்திருந்தது. வணிகம் வரவுசெலவைப் படிக்கக் கற்றுத் தந்தது. இவ்விரண்டும் பின்னர் ஒரே நோக்கத்துக்குப் பயன்பட்டன.

சராசரியில் நேர்ந்த பிழை

இந்தியா ஆங்கில ஆட்சியில் செழித்து வருகிறது என்று ஆட்சியாளர்கள் கூறிவந்தனர். இந்தியா வறுமையில் வாடுகிறது என்று நௌரோஜி கூறினார். வெறும் சொற்களால் இவ்வழக்கைத் தீர்க்க இயலாது என்பதை அவர் உணர்ந்தார். ஓர் இந்தியனுக்கு ஓராண்டில் கிடைக்கும் விளைபொருளின் மதிப்பு எவ்வளவு? இக்கேள்விக்கு விடை தெரிந்தால் வழக்குத் தீர்ந்துவிடும். அதுவரை எவரும் அதைக் கணக்கிட முன்வரவில்லை. எனவே தாமே அப்பணியை மேற்கொண்டார்.

அவர் தமக்கெனப் புதிய எண்களைத் தேடவில்லை. அரசாங்கம் அச்சிட்டு வெளியிட்ட மாகாண நிருவாக அறிக்கைகளையே எடுத்துக்கொண்டார். அவற்றைப் படித்தபோது, சராசரிகள் கணக்கிடப்பட்ட முறையிலேயே ஒரு பெரும்பிழை இருப்பதைக் கண்டார். ஒவ்வொரு மாவட்டத்தின் சராசரியையும் வரிசையாக எழுதி, அவற்றைக் கூட்டி, மாவட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்திருந்தனர். ஒரு மாவட்டத்தில் பயிரான நிலம் எவ்வளவு, விளைந்த தானியம் எவ்வளவு என்பதை எவரும் கருத்தில் கொள்ளவில்லை. சிறிய மாவட்டமும் பெரிய மாவட்டமும் கணக்கில் ஒரே மதிப்பைப் பெற்றன.

இப்பிழையை ஓர் எளிய எடுத்துக்காட்டால் அறியலாம். சித்தூர்ப் பகுதி கிளிமூக்கு மாம்பழத்துக்குப் பெயர்பெற்றது. தெலுங்கில் இதனைத் தோத்தாபுரி என்பர். அங்கு மூன்று ஊர்களில் மாந்தோப்புகள் இருப்பதாகக் கொள்வோம். முதல் ஊரில் 10 ஏக்கர். ஏக்கருக்கு 2 டன் விளைச்சல். இரண்டாம் ஊரில் 20 ஏக்கர். ஏக்கருக்கு 3 டன். மூன்றாம் ஊரில் 70 ஏக்கர். ஏக்கருக்கு 7 டன். இரண்டையும் மூன்றையும் ஏழையும் கூட்டி மூன்றால் வகுத்தால் சராசரி 4 டன் என வரும். ஆனால் உண்மையில் விளைந்தது எவ்வளவு? முதல் ஊரில் 20 டன், இரண்டாம் ஊரில் 60 டன், மூன்றாம் ஊரில் 490 டன். ஆக மொத்தம் 570 டன். இதனை மொத்த நிலமாகிய 100 ஏக்கரால் வகுத்தால் ஏக்கருக்கு 5.7 டன் கிடைக்கும். இதுவே சரியான சராசரி. ஒவ்வோர் ஊருக்கும் அதன் நில அளவுக்கேற்ற மதிப்பைத் தந்து கணக்கிடுவதால், இதனை நிறையிட்ட சராசரி என்பர்.

மத்திய மாகாணங்களின் 1867-68ஆம் ஆண்டு அறிக்கையை நௌரோஜி இம்முறையில் திருத்தினார். ஒரு மணங்கு அரிசியின் சராசரி விலை இரண்டே முக்கால் ரூபாய்க்குச் சற்று மேல் என்று அறிக்கை கூறியது. சரியாகக் கணக்கிட்டபோது அது ஒன்றரை ரூபாயாகக் குறைந்தது. ஏக்கருக்கு 579 பவுண்டு உணவுத் தானியம் விளைகிறது என்று அறிக்கை கூறியது. சரியாகக் கணக்கிட்டபோது அது 759 பவுண்டாக உயர்ந்தது.

இந்த இரண்டாம் திருத்தம் சிந்திக்கத்தக்கது. விளைச்சல் குறைவு என்று காட்டினால் இந்தியாவின் வறுமையை நிலைநாட்டுவது எளிது. அதிகாரிகளின் தவறான எண்ணை அப்படியே விட்டிருந்தால் நௌரோஜியின் வாதத்துக்கு அது துணைசெய்திருக்கும். எனினும் அவர் அதையும் திருத்தினார். தமக்கு உதவும் பிழையும் பிழையே என்பது அவர் கொள்கை. மேலும், ஒவ்வொரு மாகாணத்திலும் முதன்மையான ஓரிரு பயிர்களின் விளைச்சலையே எல்லாப் பயிர்களுக்கும் உரியதாகக் கொண்டு, கணக்கு குறைந்துவிடாதபடி பார்த்துக்கொண்டார். அவ்வளவு தாராளமாகக் கணக்கிட்டும், இந்தியர் ஒருவருக்கு ஓராண்டில் கிடைப்பது சராசரியாக 20 ரூபாய் மட்டுமே என்ற முடிவு கிடைத்தது.

சிறைச்சாலையின் உணவுக் கணக்கு

20 ரூபாய் என்பது மிகுதியா, குறைவா? ஓர் எண்ணை மற்றோர் எண்ணுடன் ஒப்பிட்டால்தான் அதன் பொருள் விளங்கும். எந்த எண்ணுடன் ஒப்பிடுவது? நௌரோஜி சிறைச்சாலைக் கணக்குகளை எடுத்தார். சிறைக்கைதி உயிர்வாழ்வதற்குத் தேவையான உணவும் உடையும் எவ்வளவு என்பதை அரசே வரையறுத்திருந்தது. அதைவிடக் குறைவாக ஒரு மனிதனுக்குக் கொடுக்க முடியாது.

ஆனால் சிறையில் இருப்போர் வயதுவந்தவர்கள். நாட்டிலோ குழந்தைகளும் உள்ளனர். அதற்கேற்பக் கணக்கைச் சரிசெய்ய வேண்டும். மக்களுள் மூன்றில் ஒரு பங்கினர் குழந்தைகள் என்றும், அவர்களுள் பாதிப்பேர் மிகக் குறைவாகவே உண்பர் என்றும், மீதிப்பேர் பெரியவர்கள் உண்பதில் பாதியை உண்பர் என்றும் கொள்ளப்பட்டது. மேனிலை வகுப்புப் பொருளியல் பாடநூலும் இக்கணக்கை எடுத்துரைத்திருக்கிறது.

பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு குழுவைக் கருதினால் இது எளிதில் விளங்கும். எட்டுப் பேர் பெரியவர்கள். அவர்களுக்கு எட்டு முழுப்பங்குகள். இரண்டு சிறுவர்களுக்குத் தலைக்கு அரைப்பங்கு வீதம் ஒரு பங்கு. எஞ்சிய இரண்டு கைக்குழந்தைகளின் பங்கைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. ஆகவே பன்னிரண்டு பேருக்கு ஒன்பது பங்குகள். அதாவது தலைக்கு முக்கால் பங்கு. சிறைக்கைதிக்கு ஆகும் செலவில் முக்கால் பங்கே ஒரு மனிதன் உயிர்வாழத் தேவையான மிகக்குறைந்த சராசரித் தொகை. பின்னாளில் வறுமைக்கோடு என்று பெயர்பெற்ற கருத்துக்கு இந்தியாவில் வித்திட்டது இக்கணக்கே.

இந்த ஒப்பீடு கண்ட முடிவு கொடியது. குற்றம் செய்து சிறை சென்றவனுக்கு உறுதியாகக் கிடைத்த உணவும் உடையும், குற்றமற்று வயலில் உழைத்தவனுக்குக் கிடைக்க வழியில்லை.

சராசரிக்குள் மறைந்தவர்கள்

நௌரோஜி இத்துடன் நிறுத்தவில்லை. 20 ரூபாய் என்பது எல்லோரையும் சேர்த்துக் கணக்கிட்ட சராசரி. அதனுள் மன்னர்களும் பெருவணிகர்களும் உயர் அதிகாரிகளும் அடங்குவர். அவர்கள் தம் தலைக்குரிய 20 ரூபாயோடு நிறைவடைபவர்கள் அல்லர். அவர்கள் மிகுதியாக எடுத்துக்கொண்ட பின் எஞ்சியதே ஏழைகளுக்குக் கிடைக்கும். ஆகவே சாதாரண உழவனுக்கு அந்த 20 ரூபாய்கூடக் கிடைப்பதில்லை என்று அவர் சுட்டிக்காட்டினார்.

இன்றைய மாணவர்கள் இதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். திருப்பதியில் ஒரு தெருவில் ஐந்து குடும்பங்கள் வாழ்வதாகக் கொள்வோம். அவற்றின் மாத வருமானம் 10,000, 12,000, 12,000, 14,000, 1,02,000 ரூபாய். மொத்தம் 1,50,000 ரூபாய். கூட்டுச் சராசரி 30,000 ரூபாய். ஆனால் 30,000 ரூபாய் வருமானமுள்ள குடும்பம் அத்தெருவில் ஒன்றுகூட இல்லை. ஐந்தில் நான்கு குடும்பங்கள் அதில் பாதியைக்கூடப் பெறவில்லை. ஏறுவரிசையில் நடுவில் நிற்கும் எண்ணாகிய இடைநிலை அளவு 12,000 ரூபாய். மிகுதியான முறை வரும் எண்ணாகிய முகடும் 12,000 ரூபாயே. அத்தெருவில் பெரும்பாலோர் வாழ்க்கையை உள்ளபடி காட்டுவது எந்த எண் என்பது வெளிப்படை.

கூட்டுச் சராசரி பொய்யான எண் அன்று. மொத்தச் செல்வம் எவ்வளவு என்பதை அது சரியாகவே கூறும். அச்செல்வம் யார் கையில் உள்ளது என்பதை மட்டும் அது கூறாது. 19ஆம் நூற்றாண்டிலேயே நௌரோஜி இவ்வேறுபாட்டை அறிந்திருந்தார்.

பஞ்சமும் கணக்கும்

1873இல் நௌரோஜி தம் கணக்குகளை இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் இந்திய நிதிக்குழுவிடம் அளித்தார். குழு அவற்றைப் பெற்றுக்கொண்டது. ஆனால் தன் அறிக்கையுடன் வெளியிடவில்லை. மனந்தளராத நௌரோஜி, அவற்றை விரிவாக்கி, 1876இல் இந்தியாவின் வறுமை என்னும் தலைப்பில் பம்பாயில் படித்தார்.

அதே ஆண்டில் தென்னிந்தியாவில் பருவமழை பொய்த்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சம் சென்னை மாகாணத்தையும் மைசூரையும் ஐதராபாத்தையும் பம்பாய் மாகாணத்தையும் வாட்டியது. ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். பஞ்ச நிவாரணப் பணிகளைப் பார்வையிட வைசிராயால் அனுப்பப்பட்ட ரிச்சர்டு டெம்பிள், உழைக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு வழங்கும் தானியக் கூலியை ஒரு பவுண்டு எனக் குறைத்தார். இது ஏறத்தாழ 450 கிராம். மண்சுமந்து உழைப்பவனுக்கு இது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். பின்னரே கூலி உயர்த்தப்பட்டது. ஒரு மனிதனுக்குச் சராசரியாக எவ்வளவு உணவு தேவை என்னும் கேள்வி, ஏட்டில் மட்டும் எழுந்த கேள்வியன்று என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தியது.

மழையின்மை மட்டுமே பஞ்சத்துக்குக் காரணம் என நௌரோஜி கருதவில்லை. நல்ல ஆண்டில்கூட உயிர்வாழப் போதுமான அளவு கிடைக்காதவனிடம் பஞ்ச காலத்துக்கென எந்தச் சேமிப்பும் இராது. இந்தியாவில் திரட்டப்பட்ட வரிப்பணத்தில் ஒரு பகுதி அதிகாரிகளின் ஊதியமாகவும் ஓய்வூதியமாகவும் இங்கிலாந்துக்குச் சென்றது. திரும்பி வராத இச்செல்வமே வறுமைக்கு வேர் என்று அவர் விளக்கினார். இதுவே செல்வச் சுரண்டல் கோட்பாடு எனப் பெயர்பெற்றது.

அரசும் எண்களால் மறுமொழி கூற வேண்டியதாயிற்று. 1882இல் ஈவ்லின் பேரிங், டேவிட் பார்பர் ஆகிய அதிகாரிகள் தலா வருமானம் 27 ரூபாய் எனக் கணித்தனர். 1901இல் கர்சன் பிரபு அது 30 ரூபாய் என்றார். எந்த எண் சரி என்பதில் கருத்து வேறுபாடு தொடர்ந்தது. எனினும், ஆட்சியின் தரத்தை மக்களின் வருமானத்தைக் கொண்டு அளக்க வேண்டும் என்னும் நௌரோஜியின் கருத்தை எவராலும் தள்ள முடியவில்லை.

நாடாளுமன்றத்தில்

1892இல் இலண்டன் மாநகரின் மத்திய பின்ஸ்பரி தொகுதியில் லிபரல் கட்சியின் சார்பில் நௌரோஜி போட்டியிட்டார். பத்துக்கும் குறைவான வாக்கு வேறுபாட்டில் வென்று, இங்கிலாந்து நாடாளுமன்றத்துள் நுழைந்தார். 1895இல் இந்தியச் செலவினங்களை ஆராய அமைக்கப்பட்ட வெல்பி ஆணையத்தில் உறுப்பினரானார். அவ்வாணையத்தின் முன் சான்றளித்தவர்களுள் 'சுதேசமித்திரன்' இதழை நிறுவிய ஜி. சுப்பிரமணிய ஐயரும் ஒருவர்.

நௌரோஜி 1886, 1893, 1906 ஆகிய ஆண்டுகளில் மும்முறை காங்கிரசுக்குத் தலைமை ஏற்றார். 1901இல் தம் ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பெருநூலாக வெளியிட்டார். 1906இல் கல்கத்தா மாநாட்டில், தம் 81ஆம் வயதில், தன்னாட்சியே இந்தியாவின் குறிக்கோள் என அறிவித்தார். வரவுசெலவுக் கணக்கில் தொடங்கிய பயணம் விடுதலைக் கோரிக்கையில் வந்து நின்றது. 1917ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் அவர் பம்பாயில் இயற்கை எய்தினார்.

அவர் தொடங்கிய பணி தொடர்ந்தது. காஞ்சிபுரத்தில் பிறந்த பொருளியல் அறிஞர் வி.கே.ஆர்.வி. ராவ், நாட்டு வருமானத்தைக் கணக்கிடும் முறையை மேலும் செம்மைப்படுத்தினார். விடுதலைக்குப்பின் 1950இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கப்பட்டது. இன்று நாட்டின் தலா வருமானம் ஆண்டுதோறும் வெளியிடப்படுகிறது. நாளிதழில் அந்த எண்ணைக் காணும்போது, அது எவ்வாறு பெறப்பட்டது என்றும், அதற்குக் கீழே வாழ்பவர் எத்தனை பேர் என்றும் வினவுவது கற்றவர் கடமை. கட்டணமில்லாப் பள்ளியில் படித்த ஏழைச் சிறுவன், தன் கல்விக்குப் பணம் தந்த ஏழைகளுக்கு அவ்வினாவின் வழியாகத்தான் கடனைத் திருப்பிச் செலுத்தினான்.

அருஞ்சொற்பொருள்

பேராளர் – பிரதிநிதி
நிருவாகம் – ஆட்சி நடத்துதல்
மணங்கு – பழைய நிறுத்தல் அளவை
நிவாரணம் – துயர் நீக்கும் உதவி
தலா வருமானம் – ஒருவருக்குரிய சராசரி வருமானம்
சுரண்டல் – பிறர்க்குரியதைக் கவர்தல்
பொய்த்தது – தவறியது
தன்னாட்சி – சுயராச்சியம்

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.
1. கட்டணமில்லாக் கல்வி நௌரோஜியின் உள்ளத்தில் எவ்வெண்ணத்தை விதைத்தது?
2. அனந்தாச்சார்லு பிறந்த ஊர் எது?
3. நௌரோஜி சிறைச்சாலைக் கணக்குகளை ஆராய்ந்தது ஏன்?

ஆ. ஒரு பத்தியளவில் விடையளிக்க.
1. மாகாண அறிக்கைகளின் சராசரியில் இருந்த பிழை யாது? மாந்தோப்பு எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. தமக்கு உதவும் பிழையையும் நௌரோஜி திருத்தியதிலிருந்து அவர் பண்பு எவ்வாறு புலப்படுகிறது?

இ. பிரித்து எழுதுக.
1. மையப்போக்கு
2. எண்ணிக்கையால்
3. விளைபொருள்

ஈ. செயல்பாடு
வீட்டிலிருந்து பள்ளிக்கு வர எடுத்துக்கொள்ளும் நேரத்தை உம் வகுப்பு மாணவர் அனைவரிடமும் கேட்டுப் பட்டியலிடுக. கூட்டுச் சராசரி, இடைநிலை அளவு, முகடு ஆகியவற்றைக் காண்க. மிகத் தொலைவிலிருந்து வரும் மாணவரின் நிலையை இவற்றுள் எந்த எண்ணேனும் காட்டுகிறதா? உம் கருத்தைப் பத்து வரிகளில் எழுதுக.